குழு ஓட்டத்தில் முன்னால் நின்று இழுப்பது எவ்வளவு நேரம், எவ்வளவு கடுமையாக?

பின்சக்கரம்

அனைவருக்கும் வணக்கம். வார இறுதியில் பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் வரை சேர்ந்து ரோடு சைக்கிள் ஓட்டும் ஒரு குழுவில் நானும் இருக்கிறேன். மாறி மாறி ஒருவர் முன்னால் நின்று காற்றைத் தாங்க, மற்றவர்கள் அவர் மறைவில் வருவோம். என் முறை வரும்போதெல்லாம் தயங்காமல் முன்னால் சென்று காற்றை எதிர்கொள்கிறேன். முதல் பாதியில் அதில் சிரமம் ஏதும் தெரிவதில்லை. மூன்றில் இரண்டு பங்கு தூரம் கடந்த பிறகு, ஒரு சிறு ஏற்றத்திலோ, வளைவைக் கடந்ததும் வரும் வேகக்கூட்டலிலோ கால்கள் திடீரென்று ஒத்துழைக்க மறுக்கின்றன. முன்னிருப்பவரின் சக்கரம் இரண்டு மீட்டர் விலகுகிறது, பிறகு ஐந்து மீட்டர், அதன் பின் அவர்களைப் பிடிக்க முடிவதில்லை.

20 நிமிடச் சோதனையின்படி என் எஃப்டிபி, அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம் தொடர்ந்து தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வாட், சுமார் 250. ஓட்டத்தின் சராசரியோ 170 வாட்டைத் தாண்டுவதில்லை. என்னைவிடக் குறைந்த எஃப்டிபி உடையவர்கள் இறுதிவரை குழுவோடு வந்துவிடுகிறார்கள். இது எப்படி என்பது என் முதல் கேள்வி. வாரத்தில் இரண்டு நாள் தனியாக, கடுமையாகச் சில நிமிடம், இலகுவாகச் சில நிமிடம் என்று மாறி மாறி மிதிக்கும் இடைவெளிப் பயிற்சியும் செய்கிறேன். இந்தக் குழு ஓட்டத்தையும் கடும் பயிற்சிகளில் ஒன்றாகக் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்பது இரண்டாவது.

எதிர்காற்று

சராசரியை நம்பாதீர்கள். மிதிக்காமல் உருண்ட நேரத்தையும் மூச்சுத் திணற மிதித்த நேரத்தையும் ஒன்றாகக் கூட்டி வகுத்த எண் அது. கால்கள் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. சில நிமிடங்கள் 100 வாட், சில நிமிடங்கள் 300 வாட் என்று மாறி மாறி ஒரு மணி நேரம் ஓட்டினால் சராசரி 200 வாட்தான் வரும். ஆனால் 30 விநாடி நகரும் சராசரியை நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, அவற்றின் சராசரியைக் கண்டு, அதற்கு நான்காம் மூலம் எடுக்கும் 'நார்மலைஸ்டு பவர்' கணக்கில் அதே ஓட்டம் ஏறத்தாழ 250 வாட்டாக வரும். உங்கள் எஃப்டிபியும் 250 என்றால், அந்த ஒரு மணி நேரத்தில் கையிருப்பு முழுவதையும் செலவழித்துவிட்டீர்கள் என்று பொருள். உங்கள் பதிவில் இந்த எண்ணைப் பாருங்கள். 170 என்ற சராசரிக்குப் பின்னால் என்ன நடந்திருக்கிறது என்பது ஓரளவு விளங்கும்.

அடுத்தது காற்று. தட்டையான சாலையில் வேகம் கூடக் கூட, காற்றை வெல்வதற்குத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்கிறது. 35 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வரிசையின் முன்னால் வந்ததும் நீங்கள் 38-க்கு ஏற்றினால், கூடியது மூன்று கிலோமீட்டர்தான். காற்றுக்காக நீங்கள் கொடுக்கும் வாட்டோ சுமார் 28 விழுக்காடு கூடிவிடும். பின்னால் இருப்பவருக்கும் கூடும், ஆனால் காற்றுமறைவில் இருக்கும் அவருக்கு அது மிகவும் குறைவான தொகையின் மீது கூடும். ஒரே மூன்று கிலோமீட்டருக்கு நீங்கள் பெரிய விலையும் மற்றவர்கள் சிறிய விலையும் கொடுக்கிறீர்கள்.

எல்லைக்கு மேலே செலவழிக்க உடலில் இருக்கும் இருப்பும் அளவானது. 1965-இல் மோனோ, ஷெரர் ஆகிய ஆய்வாளர்கள் வகுத்த வழியிலிருந்து வளர்ந்த 'கிரிட்டிக்கல் பவர்' கணக்கு இதை அழகாகச் சொல்கிறது: ஓர் எல்லைக்குக் கீழே நெடுநேரம் ஓட்டலாம், அதற்கு மேலே போகும் ஒவ்வொரு வாட்டும் ஒரு சிறு சேமிப்பிலிருந்து கழிகிறது. அந்த எல்லையும் எஃப்டிபியும் முற்றிலும் ஒன்றல்ல, எனினும் புரிந்துகொள்வதற்கு 250 வாட் என்றே வைத்துக்கொள்வோம். சேமிப்பு 15,000 ஜூல் என்றால், 350 வாட்டில் நீங்கள் தாக்குப்பிடிப்பது 150 விநாடிகள் மட்டுமே. 350 வாட்டில் ஒரு நிமிடம் இழுத்தால் 6,000 ஜூல் கழிகிறது. 280 வாட்டில் அதே ஒரு நிமிடம் இழுத்தால் 1,800. எல்லைக்குக் கீழே இறங்கி ஓட்டும்போது சேமிப்பு மீண்டும் நிரம்பும் என்பது உண்மைதான், ஆனால் எல்லையை ஒட்டியே ஓட்டிக்கொண்டிருந்தால் மிக மெதுவாகத்தான் நிரம்பும். உங்களைவிடக் குறைந்த எண் உடையவர்கள் இறுதிவரை வருவதற்குக் காரணம், அவர்கள் இந்தச் சேமிப்பைத் தொடாமல் பாதுகாப்பதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே வலிமை மிகுந்தவர் முன்னால் நிற்கும் நேரத்தை நீட்ட வேண்டுமே தவிர வேகத்தைக் கூட்டக் கூடாது. ஒவ்வோர் அணியும் தனியாகச் சேர்ந்தோடி நேரத்தைப் பதிவுசெய்யும் அணி நேர ஓட்டப் போட்டிகளில் நெடுங்காலமாக இப்படித்தான் செய்கிறார்கள். அங்கே அணியின் நேரம், குறிப்பிட்ட வரிசை எண்ணில் கோட்டைக் கடப்பவரின் நேரமாகவே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்படுவதால், வலிமையானவர் வேகத்தை ஏற்றிச் சகவீரர்களை உதிர்த்துவிட்டால் நட்டம் அணிக்குத்தான். வலிமையானவர் ஒரு நிமிடம் நிற்பார், களைத்தவர் பத்து விநாடி நிற்பார். வேகம் மட்டும் மாறாது.

ஏற்றப்பிரியை

எதிர்காற்று சொன்ன கணக்குகளோடு உடன்படுகிறேன். எனினும் உடல் எடை குறைந்தவர்களுக்கு இந்தக் கதை சற்று வேறுவிதமாக நடக்கிறது என்பதையும் சேர்க்க வேண்டும்.

ஏற்றத்தில் தீர்மானிப்பது ஒரு கிலோ எடைக்கு எத்தனை வாட் என்பது. தட்டையான சாலையில் தீர்மானிப்பது காற்றுக்குக் காட்டும் பரப்புக்கு எத்தனை வாட் என்பது. எடை குறைந்தவரின் பரப்பு, எடை குறைந்த அளவுக்குக் குறைவதில்லை. ஆகையால் 220 வாட் எஃப்டிபி உள்ள நான், மலையில் 270 வாட் நண்பரோடு பேசிக்கொண்டே ஏறுவேன். அதே நண்பர் தட்டைச் சாலையில் சாதாரணமாக இழுக்கும் இழுப்பு எனக்கு எல்லைக்கு மேலான ஓட்டமாகிவிடும். குழுவில் 'எல்லோரும் ஒரு நிமிடம்' என்று விதி வைப்பது நியாயமாகத் தோன்றினாலும், நடைமுறையில் அது நியாயமில்லை. உயரமான அகன்ற உடல் கொண்டவரின் பின்னால் எனக்குக் கிடைக்கும் மறைவு, என் பின்னால் வரும் அவருக்குக் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த வகையில் நான் கடனாளி.

பின்சக்கரத்திடம் ஒன்று கேட்க வேண்டும். முறை முடிந்ததும் எங்கே போய் நிற்கிறீர்கள்? கடைக்கோடியில் என்றால், ஓய்வெடுக்கும் இடம் என்று நீங்கள் நினைக்கும் அந்த இடமே உங்களைத் தின்றுகொண்டிருக்கலாம். வளைவில் முதல் மூவர் சற்றே வேகம் குறைத்துச் சீராக வெளியேறுகிறார்கள். நடுவில் இருப்பவர் பிரேக்கைத் தொடுகிறார். கடைசியில் இருப்பவர் பிரேக்கை நன்றாகவே அழுத்தி, பின் மற்றவர்கள் ஏற்கெனவே வேகமெடுத்துவிட்ட நிலையில் எழுந்து நின்று துரத்துகிறார். ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு வேகத்தடையிலும் இது நிகழும். 2018-இல் காற்றியக்க ஆய்வாளர் பெர்ட் பிளாக்கனும் அவருடைய குழுவினரும் 121 பேர் கொண்ட கூட்டத்தை ஆராய்ந்தபோது, நடுவிலும் பின்புறத்திலும் உள்ளவர்களின் காற்றுத்தடை தனியாக ஓட்டுபவருக்கு உள்ளதில் 5 முதல் 10 விழுக்காடுதான் என்று கண்டார்கள். அதைப் படித்துவிட்டுப் பலர் பின்னால் இருப்பதே சுகம் என்கிறார்கள். அது பெருங்கூட்டம் சீரான வேகத்தில் போகும் நிலை; பதினைந்து பேர் இரண்டிரண்டாக வளைவுகள் நிறைந்த சாலையில் போகும்போது அந்த எண்ணைத் தேடாதீர்கள்.

பழைய செயின்

இத்தனை ஜூல்களும் அடுக்குகளும் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. வாட்டை அளக்கும் பவர் மீட்டர் வருவதற்கு முன்பும் குழுக்கள் ஓடின; ஒருவர் பின்னடைவார், அடுத்த மாதம் சற்றுத் தள்ளிப் பின்னடைவார், ஆண்டு முடிவதற்குள் பின்னடையாமல் இருப்பார். கடுமையான குழுவோடு ஓடுவதே பயிற்சி. தனியாக எவ்வளவு கட்டுப்பாட்டோடு மிதித்தாலும், பக்கத்தில் ஒருவர் மூச்சுவாங்குவதைக் கேட்கும்போது எடுக்கும் வேகத்தை எவராலும் எடுக்க முடியாது. பின்சக்கரத்தின் இரண்டாவது கேள்விக்கு என் விடை: குழு ஓட்டத்தைக் கடும் பயிற்சியாகக் கணக்கிடுங்கள், வேண்டுமானால் அந்த இடைவெளிப் பயிற்சியை விட்டுவிடுங்கள்.

நிதானம்

பழைய செயினின் விடையில் பாதியை ஏற்கிறேன். குழு ஓட்டம் கடும் பயிற்சிதான். அதைக் கணக்கில் சேர்க்காமல், அதற்கு மேல் இரண்டு இடைவெளிப் பயிற்சிகளையும் வைத்துக்கொண்டால் வாரத்தில் கடும் நாள்கள் மூன்றாகின்றன. பெரும்பாலானவர்களுக்கு, குறிப்பாக வேலைக்கும் போய்க்கொண்டு பயிற்சி செய்பவர்களுக்கு, இரண்டே போதும். குழு ஓட்டம் ஒன்று, இடைவெளிப் பயிற்சி ஒன்று, மீதியெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய இலகுவான ஓட்டம் என்று வையுங்கள்.

ஏற்காத பாதி இது. குழு ஓட்டத்தில் கடுமை எப்போது வரும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் அல்ல. நாற்பது விநாடி வெறித்தனமான ஓட்டம், மூன்று நிமிடம் உருட்டல், மீண்டும் இருபது விநாடி ஓட்டம் என்று அது போகும். நிலைத்த உழைப்பைத் தாங்கும் திறன், அதாவது எல்லையை ஒட்டி எட்டு நிமிடம், பத்து நிமிடம் தொடர்ந்து மிதிக்கும் திறன், அந்தக் கலவையில் போதுமான அளவுக்கு வளர்வதில்லை. உடற்பயிற்சி ஆய்வாளர் ஸ்டீஃபன் சைலரும் உடனாய்வாளர்களும் பொழுதுபோக்குச் சைக்கிளோட்டிகளை வைத்து 4×4, 4×8, 4×16 நிமிடப் பயிற்சிகளை (நான்கு சுற்றுகள், சுற்றுக்கு 4, 8 அல்லது 16 நிமிடம்) ஒப்பிட்டு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், உச்ச இதயத் துடிப்பில் 90 விழுக்காட்டை ஒட்டிச் செய்த 4×8 பயிற்சியே மிகுந்த பலன் தந்தது. நான்கு நிமிடப் பயிற்சியில் கடுமை இன்னும் அதிகம். ஆனாலும் பலன் குறைவு. கடுமையைச் சற்றே தணித்து, அதில் கழிக்கும் மொத்த நேரத்தைக் கூட்டுவதுதான் அங்கே வென்றது. முன்னால் நின்று இழுப்பதைப் பற்றி எதிர்காற்று சொன்னதும் இதுவும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

அந்த 4×8-ஐ எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதல் சுற்றில் கால்கள் புதியவை. 280 வாட் கூட எளிதாகத் தோன்றும். இதயத் துடிப்பும் ஏற ஒன்றிரண்டு நிமிடம் எடுத்துக்கொள்வதால், துடிப்பைப் பார்த்து 'இன்னும் போதவில்லை' என்று முதல் நிமிடத்திலேயே மேலும் அழுத்துகிறார்கள். மூன்றாவது சுற்றில் 240, நான்காவதில் 225 என்று சரிந்த பிறகு, உடல் அன்று சரியில்லை என்கிறார்கள். முதல் சுற்றின் முதல் மூன்று நிமிடங்கள் சந்தேகப்படும் அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும்; நான்காவது சுற்றின் வாட், முதல் சுற்றுக்குச் சமமாகவோ ஓரிரு வாட் மேலாகவோ முடிய வேண்டும். இன்னொரு சுற்று செய்யச் சொன்னால் செய்யலாம், ஆனால் செய்ய மனமில்லை என்ற நிலையில் நிறுத்துவதே சரியான அளவு.

பெரியவர்களுக்கும் இந்தச் சறுக்கல் உண்டு. பெல்ஜியச் சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் 1972-இல் மெக்சிகோ நகரில், ஒரு மணி நேரத்தில் மிக அதிகத் தூரம் ஓட்டும் சாதனைக்காக ஓட்டியபோது தொடக்கத்தில் அசுர வேகத்தில் புறப்பட்டு, பின்னர் அதற்கு வட்டியும் கட்டினார், கிடைத்தது 49.431 கிலோமீட்டர். 2000-ஆம் ஆண்டில் அதே வகைச் சைக்கிளில் பிரிட்டிஷ் வீரர் கிறிஸ் போர்ட்மன் 49.441 ஓட்டினார்: பத்து மீட்டர் வேறுபாடு. மெர்க்ஸ் சீராகத் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பது வீண்தான், ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது.

பின்சக்கரம்

விளக்கங்களுக்கு மிக்க நன்றி. சென்ற ஓட்டத்தின் பதிவைத் திறந்து பார்த்தேன். நார்மலைஸ்டு பவர் 231 வாட். முதல் ஒரு மணி நேரத்தில் நான் முன்னால் நின்ற எல்லா முறைகளிலும் 320 வாட்டுக்கு மேல் இருந்திருக்கிறேன். நான் வேகத்தைக் கூட்டியதாகவே நினைக்கவில்லை, குழுவின் வேகத்தை அப்படியே வைத்திருப்பதாகத்தான் எண்ணினேன். ஏற்றப்பிரியை ஊகித்ததும் சரி. முறை முடிந்ததும் கடைக்கோடிக்குத்தான் போகிறேன். முன்னிடத்தை ஏற்கும் அந்த நொடியில் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது விளக்க முடியுமா?

ஏற்றப்பிரியை

அந்த நொடியில்தான் நீங்கள் சொல்லும் 320 வாட் பிறக்கிறது. முன்னவர் விலகியதும் காற்று முகத்தில் அறைகிறது. வேகம் குறையப்போகிறது என்ற பதற்றத்தில் கால்கள் தாமாகவே அழுத்துகின்றன. இரண்டாவது இடத்தில் இருக்கும்போதே வேகமானியைப் பாருங்கள்: 34 என்றால், முன்னால் வந்த பிறகும் பத்து விநாடி 34-ஐயே வைத்திருங்கள். மறைவில் 180 வாட் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு அதே வேகத்தைக் காக்க 260 வாட் வரை தேவைப்படலாம்; அந்த உயர்வே போதுமானது, அதற்கு மேல் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. விலகுபவரும் விலகிய பிறகுதான் மிதிப்பைத் தளர்த்த வேண்டும். முன்னால் இருக்கும்போதே தளர்த்தினால் பின்னவர் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும், சில வேளை முன்சக்கரம் உங்கள் பின்சக்கரத்தை உரசும். அப்படி உரசினால் விழுபவர் பின்னால் வருபவரே.

தட்டையில் வேகத்தைப் பார்க்கச் சொன்னேன், ஏற்றத்தில் அதை மறந்துவிடுங்கள். அங்கே வாட்டையோ மூச்சையோ பார்த்து, வேகம் விழுவதை விழவிட வேண்டும். தட்டையில் இருந்த 34-ஐ ஏற்றத்திலும் இழுத்துச் செல்ல முயல்பவர்தான் குழுக்களை உடைக்கிறார். உச்சியைத் தாண்டியவுடன் வேகமெடுப்பதும் அதே அளவு கெடுதல்: நீங்கள் இறக்கத்தில் உருளத் தொடங்கிவிட்டீர்கள், கடைசியில் இருப்பவர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறார். அவரும் உச்சியைத் தொடும் வரை பொறுங்கள்.

பக்கக்காற்று அடித்தால் விலகும் பக்கமும் முக்கியம். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக விலகிப் பின்வாங்க வேண்டும். அப்போது பின்வாங்கும் வரிசை, முன்னேறும் வரிசைக்கு மறைவாக அமையும். மறைவு அப்போது நேர் பின்னால் இராது, சாய்ந்த வரிசையில் பக்கவாட்டில் கிடைக்கும். போக்குவரத்து உள்ள சாலையில் உங்கள் தடத்தின் அகலத்துக்குள் எத்தனை பேர் சாய்ந்து நிற்க முடியுமோ அத்தனை பேரோடு நிறுத்தி, மற்றவர்கள் பின்னால் இன்னொரு சாய்வு வரிசை அமைக்க வேண்டும்.

மூச்சுக்கணக்கு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பவர் மீட்டர் இல்லாதவர்கள் இதையெல்லாம் எப்படிச் செய்வது? என்னிடம் இதயத் துடிப்புப் பட்டை மட்டுமே உள்ளது.

எதிர்காற்று

குறுகிய இழுப்புகளுக்குத் துடிப்பு பயன்படாது. அது ஏறி முடிப்பதற்குள் உங்கள் முறை முடிந்துவிடும். ஓட்டம் நீள நீள, வெயிலாலும் நீரிழப்பாலும் அதே உழைப்புக்குத் துடிப்பு மேலேறிக்கொண்டே போகும். எனவே இரண்டாம் மணி நேரத்து 165-ஐ முதல் மணி நேரத்து 165-ஆகக் கொள்ளக் கூடாது. மூச்சே நம்பத்தக்கது, அதிலும் உங்கள் புனைபெயருக்கு அது பொருத்தம். முன்னால் நிற்கும்போது 'பள்ளம், இடப்பக்கம்' என்று ஒரு சிறு வாக்கியத்தைத் தடையின்றிச் சொல்ல முடிந்தால் அளவு சரி. ஒற்றைச் சொல்தான் வருகிறது என்றால் அடுத்த சில விநாடிகளில் விலகுங்கள். பின்னால் வந்து ஒரு நிமிடம் ஆன பிறகும் மூச்சு இறங்கவில்லை என்றால் அடுத்த முறையைத் தவிர்த்துவிடுங்கள்.

பழைய செயின்

நிதானம் சொன்ன 4×8-ஐ நான் மறுக்கவில்லை. இளைஞர்களாக இருந்தபோது நாங்களும் ஒரே மேட்டைத் திரும்பத் திரும்ப ஏறினோம், அதற்குப் பெயர் மட்டும் வைக்கவில்லை. ஆனால் இந்த இழையைப் படிக்கும் புதியவர் ஒருவர், குழு ஓட்டம் என்றால் 260 வாட்டில் சீராக உருளும் தொடர்வண்டி என்று நினைத்துவிடக் கூடாது. திடீர் வேகக்கூட்டலைத் தாங்குவதும், அதன் பின் முழுதாக நிற்காமல் மிதித்துக்கொண்டே மூச்சை மீட்பதும் ஒரு திறன். அதைத் தனியாகக் கற்பது கடினம். எங்கள் குழுவில் பாதையை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். பெரும்பகுதியில் வரிசை குலையாமல் ஓட்டுவோம், எவரும் திடீரென்று வேகமெடுத்துப் பிரிந்து போகக் கூடாது. குறிப்பிட்ட ஒரு பாலத்துக்குப் பிறகு கடைசி நீட்சியில் அவரவர் விருப்பம், விட்டுப்போனவருக்காக முடிவிடத்தில் காத்திருப்போம். சண்டை போட விரும்புபவர்களுக்கும் இடம் உண்டு, மற்றவர்களின் ஓட்டமும் கெடுவதில்லை.

நிதானம்

இந்த ஏற்பாடு மிகவும் நல்லது. பின்சக்கரத்தின் குழுவிலும் இப்படி ஒரு வரையறை இருந்தால், முதல் ஒரு மணி நேரத்தில் 320 வாட்டுக்குத் தேவையே எழாது. உணவையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்: இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட கடும் ஓட்டத்தில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். முன்னால் நிற்கும்போது உண்ண முடியாது. பின்வாங்கி மூச்சு அடங்கியதும், அடுத்த வளைவு வருவதற்குள் உண்டுவிடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு தூரத்துக்குப் பிறகு கால் கைவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

பின்சக்கரம்

உணவைப் பொறுத்தவரை குறையில்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் அளந்து பார்க்கிறேன். கடைசியாக ஒரு சந்தேகம். முறையைத் தவிர்க்கும்போது மற்றவர்கள் ஒட்டிக்கொண்டு வருபவன் என்று நினைக்காமல் இருக்க எங்கே நிற்பது? நடுவில் நின்றால் சுழற்சி தடைபடுகிறது. கடைசியில் நின்றால் வளைவுகளில் அடிபடுகிறேன்.

ஏற்றப்பிரியை

தவிர்க்கும்போது கடைசி இடம்தான், வேறு வழியில்லை. புறப்படும் முன்பே 'இன்று நான் பாதி முறைகள்தான் எடுப்பேன்' என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் தவிர்ப்பவரைத்தான் குழு வெறுக்கிறது. முன்னாலிருந்து பின்வாங்கி வருபவர் உங்களை நெருங்கும்போது, முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு சைக்கிள் நீளம் திறந்து, 'உள்ளே வாருங்கள்' என்று குரல் கொடுங்கள். அவர் உங்களுக்கு முன்னால் நுழைந்துகொள்வார். அவருக்கு வரிசையின் வால் வரை இறங்கிப் பின் எட்டிப் பிடிக்கும் வேலை மிச்சம். வளைவுக்கு முன் மட்டும் அரைச் சக்கர நீளம் கூடுதலாக இடைவெளி விடுங்கள். முன்னவர் பிரேக் பிடிக்கும் நேரத்தில் நீங்கள் பிடிக்காமல் அந்த இடைவெளிக்குள் உருண்டு, வளைவிலிருந்து அவரைவிடச் சற்றுக் கூடுதல் வேகத்தோடு வெளியே வரலாம். எழுந்து நின்று துரத்த வேண்டிய தேவை பெரும்பாலும் இராது.

பின்சக்கரம்

இந்த வாரம் முதல் இடைவெளிப் பயிற்சியை ஒன்றாகக் குறைத்துவிட்டு, குழுவில் முறைக்கு 270 வாட் என்ற உச்சவரம்போடு ஓட்டிப் பார்க்கிறேன். பாதையைப் பிரிக்கும் யோசனையைக் குழுவின் முன் வைத்திருக்கிறேன். எங்கே பிரிப்பது என்பதில் இப்போதே இரண்டு கட்சி ஆகிவிட்டது.